கத்தாழைத் தலைக்கல்

மூன்று நாள் விடாமல் அடித்த மழை நின்ற காலையில், வேம்பு கட்டிலுக்கடியில் இருந்த தகரப் பெட்டியை வெளியே இழுத்தாள். இழுக்கும்போதே உள்ளே தண்ணீர் தளும்பியது. அது அவளுடைய பெட்டி இல்லை, மருமகளுடையது.

வம்பாகீரப்பாளையத்தில் கடலுக்கு மூன்று தெரு தள்ளி அவர்கள் வீடு. பெருமழை வந்தால் வாய்க்கால் தண்ணீர் வாசப்படி ஏறி உள்ளே வந்துவிடும். இந்த மழைக்கும் அரிசி மூட்டையை மேசைமேல் ஏற்றினாள். கேஸ் சிலிண்டரை ஸ்டூலில் தூக்கி வைத்தாள். டிவிக்குப் பிளாஸ்டிக் பை கட்டினாள். கட்டிலுக்கடியில் ஒரு பெட்டி இருக்கிறது என்பதே அவளுக்கு நினைவில் வரவில்லை. மகன் சிலம்பரசன் சேதராப்பட்டு கம்பெனியில் இரண்டு ஷிப்டு பார்த்துவிட்டு, பஸ் இல்லாமல் அங்கேயே தங்கிவிட்டான். மருமகள் தேவிப்பிரியா கொச்சியில் ஏதோ கருத்தரங்கு என்று ரயிலேறி ஐந்து நாள் ஆகிறது.

பெட்டியைத் திறந்தாள். மருந்துக் கடையில் மாத்திரை போட்டுத் தருகிற மாதிரி சின்னச் சின்னக் காகிதக் கவர்கள் நூற்றுக்கணக்கில் இருந்தன. எல்லாம் ஊறிக் களியாகிக் கிடந்தன. மேலே எழுதியிருந்த நீல மை கரைந்து தண்ணீரே நீலமாகிவிட்டது. ஒரு கவரை எடுத்தாள். கையோடு பிய்ந்து வந்தது. அதற்குள் இருந்து இரண்டு வெள்ளைக் கல் விழுந்தது.

அவளுக்குத் தெரியாத கல் இல்லை. கத்தாழை மீனின் தலைக்குள் இருக்கிற கல். கத்தாழைத் தலையைக் குழம்பில் போட்டுத் தின்கிற யாருக்கும் அது பல்லில் மாட்டும். வேம்பு தேங்காய்த்திட்டுத் துறைமுகத்தில் மீன் வெட்டுகிறவள். புருஷன் கோவிந்தராசு செத்த வருஷத்திலிருந்து, விடிகாலை அஞ்சு மணிக்கு அரிவாள்மனையைப் போட்டு உட்கார்ந்தால் பதினோரு மணிக்குத்தான் எழுவாள். இந்தக் கற்களில் பாதிக்குமேல் அவள் கையாலேயே வந்தவை. மாதத்தில் நான்கு நாள் தேவி துறைமுகத்துக்கு வருவாள். கத்தாழையை ஒவ்வொன்றாக எடுத்து நீளம் அளப்பாள், நோட்டில் எழுதுவாள். வேம்பு தலையைப் பிளந்து இரண்டு கல்லையும் எடுத்துக் கொடுப்பாள். அந்தக் கல்லுக்குள் வளையம் வளையமாக இருக்கிறதாம். அறுத்துப் பார்த்தால் மீனுக்கு என்ன வயசு, எந்த மாசம் நன்றாகத் தின்று வளர்ந்தது, எந்த மாசம் பட்டினி கிடந்தது எல்லாம் தெரியுமாம். அதற்குத்தான் ஆராய்ச்சி. கல்யாணத்துக்கு முன்னால் இரண்டு வருஷம், கல்யாணத்துக்கு அப்புறம் இரண்டு வருஷம் ஓடிவிட்டது. தை மாசம் முடிவதற்குள் எழுதிக் கொடுத்துவிட வேண்டும் என்று கெடு.

வேம்பு அங்கேயே குந்தினாள். இப்படியே விட்டால் கல் நாறிவிடும், பூசணம் பிடித்துவிடும் என்று நினைத்தாள். ஊறிய காகிதத்தையெல்லாம் உரித்துப் போட்டாள். கல்லை அன்னக்கூடையில் கொட்டி மூன்று தண்ணீர் ஊற்றி அலசினாள். மொட்டை மாடியில் வெய்யில் லேசாக விழுந்தது. நான்கு முறங்களில் பரப்பிக் காயவைத்தாள்.

காய்ந்ததும் கை சும்மா இருக்கவில்லை. மீன் என்று வந்துவிட்டால் தரம் பிரிக்காமல் அவளால் இருக்க முடியாது. ஏலத்துக்கு வருகிற மீனை எந்தப் போட்டில் வந்தது, எந்த நாளில் வந்தது என்று யார் பார்க்கிறார்கள்? பெருசு, நடு, பொடி. அவ்வளவுதான். புளியங்கொட்டை அளவு ஒரு முறத்தில், மொச்சை அளவு ஒரு முறத்தில், உளுந்து அளவு மீதி இரண்டில். அதோடு விடவில்லை. செருப்பு மாதிரி, இடது கல் வேறு வலது கல் வேறு. ஒரே அளவாகப் பார்த்து ஜோடி சேர்த்து வைத்தாள். கண் எரிந்தது, முதுகு விட்டுப்போனது. மத்தியானச் சோறு கூட இறங்கவில்லை. கடைசி ஜோடியை வைத்துவிட்டு நிமிர்ந்தபோது ஒரு நல்ல காரியம் செய்த திருப்தி இருந்தது.

பக்கத்து மாடியில் துணி காயப்போட வந்த லட்சுமி எட்டிப் பார்த்தாள்.

"இன்னாக்கா, வத்தலா?"

"வத்தலு இல்லடி. எம் மருமவளோட கல்லு. நனஞ்சிப் போச்சி."

"கடல்ல கொட்டுறன்னு சொன்ன, காய வெச்சினுகிற?"

லட்சுமி சிரித்துக்கொண்டே சொன்னாள். வேம்புவுக்குச் சிரிப்பு வரவில்லை. அது அவள் சொன்ன வார்த்தைதான். ஆவணி மாசம், லட்சுமியின் மகள் வளைகாப்புக்குப் போய்விட்டு வந்த அன்று, நாலு பேர் இருக்கும்போது தேவியைப் பார்த்துச் சொன்னாள்: "மீன் மண்டையில கல்லு பொறுக்குறதுக்கு நாலு வருசமா? ஒரு நாளு எல்லாத்தையும் வாரிக் கடல்ல கொட்டிட்டு வரேன் பாரு. அப்பதான் இந்த வூட்ல தொட்டில் கட்டுவாங்க." தேவி உள்ளே போய்விட்டாள். அன்றைக்கு அந்த வார்த்தை வாயிலிருந்து எப்படி வந்தது என்று வேம்புவுக்கே தெரியாது. வந்துவிட்டது.

சாயங்காலம் சிலம்பரசன் வந்தான். கால் கழுவிவிட்டு மாடிக்கு வந்தவன் முறங்களைப் பார்த்து அப்படியே நின்றுவிட்டான்.

"இன்னாம்மா இது?"

"பொட்டில தண்ணி பூந்துட்டுதுடா. நாந்தான் அலசிக் காய வெச்சேன்."

"கவரு எங்க?"

"களியாப் பூட்டுது. வாரிக் குப்பைல போட்டேன்."

"ஒண்ணு ஒண்ணும் தனித்தனியா இருந்துச்சே. எல்லாத்தையுமா கலந்த?"

"கலக்கலடா, பிரிச்சிருக்கேன். பெருசு தனியா, நடு தனியா..."

அவன் தலையில் கைவைத்துக்கொண்டு கைப்பிடிச் சுவரில் சாய்ந்தான். "எந்தக் கல்லு எந்த நாளுன்னுதானம்மா அவ கவரு மேல எழுதி வெச்சிருந்தா. மாசி மாசத்து மீனா, ஆடி மாசத்து மீனான்னு தெரிஞ்சாதான் அது ஆராய்ச்சி. இப்ப இது வெறும் கல்லு."

"அதான் நோட்டுல எழுதியிருக்காளே. நான் பாத்தேனே, அங்கயே நோட்டுலயும் எழுதுவா, கவருலயும் எழுதுவா."

"நோட்டுல இருக்கறது எந்தக் கல்லுன்னு எப்பிடித் தெரியும்? ரேசன் கார்டு இருந்து ஆள் இல்லாத கதயா?" பிறகு மெதுவாகச் சொன்னான்: "சொன்னாமேரியே செஞ்சிட்டியே."

கத்தியிருந்தால் கூடப் பரவாயில்லை. மெதுவாகச் சொன்னதுதான் உள்ளே இறங்கியது. வேம்பு நான்கு முறங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகத் துணி போட்டு மூடினாள். பெற்ற பிள்ளையே நம்பவில்லை. அப்புறம் வந்த பிள்ளை எப்படி நம்புவாள்? இனி துறைமுகத்தில் எல்லோரும் சொல்வார்கள், மாமியார்க்காரி மருமகள் படிப்பை வேணுமென்று கெடுத்துவிட்டாள் என்று. அப்படிச் சொல்வதற்கு ஆவணி மாசமே சாட்சி வைத்துவிட்டாள்.

சிலம்பரசன் தேவிக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னான். பிறகு, "அத்தகிட்ட குடுங்க" என்று கேட்டது வேம்புவுக்கே காதில் விழுந்தது.

"அத்த, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. எத வெச்சிக் கழுவுனீங்க?"

"தண்ணிதாம்மா."

"புளி போட்டீங்களா?"

அவள் எதைக் கழுவினாலும் புளி போட்டுத்தான் கழுவுவாள். பித்தளை, வெங்கலம், அரிவாள்மனை, எல்லாம்.

"கையில எடுத்துட்டேம்மா. புளி போட்டுத் தேச்சா பளபளன்னு ஆவுமேன்னு எடுத்தேன். அப்புறம் இருக்கறது ஒரு உருண்ட, மழைல கடைக்கு யாரு போறது, கொழம்புக்கு வேணுமேன்னு வெச்சிட்டேன்."

"நெஜமா போடல?"

"கொழம்பு மேல சத்தியமா போடல."

போனில் ஒரு நீண்ட மூச்சு கேட்டது. "நல்லதா போச்சு. புளி பட்டிருந்தா கல்லு கரஞ்சிருக்கும் அத்த. நாளான்னிக்குக் காலைல நேரா யுனிவர்சிட்டிக்கு வந்துர்றேன். நீங்க அந்த முறத்த அப்பிடியே எடுத்துக்கினு காலாப்பட்டு வாங்க. எதையும் மாத்தாதீங்க, தொடாதீங்க. அப்பிடியே."

கோபமா இல்லையா என்று குரலில் ஒன்றும் தெரியவில்லை. அதுதான் வேம்புவுக்கு இன்னும் பயமாக இருந்தது.

மறுநாள் வெட்டுக்குப் போனாள். கத்தாழை வந்தது. தலையைப் பிளக்கக் கை கூசியது. அதற்கு மறுநாள் நாலு முறத்தையும் துணியால் கட்டி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் உட்கார்ந்தாள். முறம் அசையாமல் இருக்க மூச்சைக் கூடப் பிடித்துக்கொண்டாள். கண்டக்டர், "இன்னாம்மா, மீனா? நாத்தம் அடிக்கப் போவுது," என்றான். "கல்லு," என்றாள். அவன் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போனான்.

தேவி கேட்டிலேயே நின்றாள். ரயில் தூக்கம் கண்ணில் இருந்தது. முறத்தை வாங்கித் துணியை விலக்கிப் பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். வேம்பு அவள் முகத்தையே பார்த்தாள்.

"ஜோடி சேத்தது யாரு?"

"நாந்தான். தெரியாமப் பண்ணிட்டேம்மா. அன்னிக்கு வாய்தவறி ஒண்ணு சொன்னேன். அத மனசுல வெச்சி வேணும்னு செஞ்சேன்னு..."

"உள்ள வாங்க அத்த," என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் நடந்தாள்.

தேவியின் துறையில் இருந்த நுண்தராசு ரிப்பேர். அதனால் பக்கத்துக் கட்டடத்தில் இயற்பியல் படிக்கிற முகிலனின் அறைக்குப் போனார்கள். கண்ணாடிப் பெட்டிக்குள் ஒரு தராசு இருந்தது. தராசு ரிப்பேராகிற வரை, தேவி இரண்டு வருஷமாக எடுத்த ஒவ்வொரு கல்லையும் எடை போட்டு கம்ப்யூட்டரில் ஏற்றியிருந்தாள். ஒரு அரிசியைப் பத்தாயிரம் துண்டாக்கினால் ஒரு துண்டு என்ன கனம் இருக்குமோ அந்த அளவுக்குச் சுத்தமாகக் காட்டுகிற தராசாம். இரண்டு கல்லுக்கு ஒரே எடை வருவது அபூர்வம். ஆக, மறுபடி எடை போட்டால் எந்தக் கல் எந்த நாளைச் சேர்ந்தது என்று கண்டுபிடித்துவிடலாம். ஆனால் ஒன்று. நனைந்து காய்ந்த கல் பழைய எடையைக் காட்ட வேண்டும்.

தேவியின் சிநேகிதர்கள் இன்னும் இரண்டு பேர் வந்திருந்தார்கள். எண்களைப் பொருத்திப் பார்க்க ஹரிகிருஷ்ணன், வாய்விட்டுப் படிக்க ஜெயசித்ரா. வேம்புவுக்கு ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டார்கள். அவள் விளிம்பில் உட்கார்ந்தாள்.

"மூச்ச இந்தப் பக்கம் வுடாதீங்கம்மா," என்றான் முகிலன். "மூச்சுக்கே ஆடும்."

"எங்க தராசு மேல ரெண்டு காக்கா உக்காந்தாலும் ஏலம் நிக்காது," என்றாள் வேம்பு. "நீயும் மீன்தான் படிக்கிறியா தம்பி?"

"இல்லம்மா. கண்ணாடி மேல ஒரு பூச்சு பூசுறேன். தலமுடிய ஆயிரமாக் கிழிச்சா எவ்ளோ இருக்கும், அவ்ளோ மெல்லிசு. வெய்யில் பட்டா கரண்டு வரணும்."

"வருதா?"

"அஞ்சு வருசமா வரமாட்டேங்குது."

ஜெயசித்ரா சிரித்தாள். அவள் பிரெஞ்சுக்காரன் காலத்துக் கல்யாணப் பதிவேடுகளைப் படிக்கிறவள். நூற்றைம்பது வருஷத்துக்கு முன் இந்த ஊரில் யார் யாரைக் கட்டினார்கள், பெண்ணுக்குக் கையெழுத்துப் போடத் தெரிந்ததா, கைநாட்டா என்று எண்ணிக்கொண்டிருக்கிறாளாம்.

"செத்தவங்க கல்யாணத்த எண்ணி இன்னா பண்ணுவ?"

"அதத்தாம்மா எங்க வூட்லயும் கேக்குறாங்க. உன் கல்யாணத்த எப்ப எண்றதுன்னு."

"நீ இன்னாப்பா?" வேம்பு ஹரிகிருஷ்ணனைக் கேட்டாள்.

"புள்ளியியல். பஸ்ஸு எவ்ளோ நேரம் லேட்டா வரும், ஸ்டாப்புல ஜனங்க எவ்ளோ நேரம் நிப்பாங்கன்னு கணக்குப் போடறேன்."

"அதுக்கு எதுக்குப் படிக்கணும்? எங்கிட்ட கேட்டா சொல்லியிருப்பேன்."

"எவ்ளோ நேரம் நிப்பீங்க?"

"கால் வலிக்கிற வரைக்கும்."

அவன் அதை உண்மையாகவே ஒரு தாளில் எழுதிக்கொண்டான். வேம்புவுக்கு ஆச்சரியமாக இருந்தது. ஒருத்தன் வெய்யிலைப் பிடிக்கிறான், ஒருத்தி செத்தவர்கள் கைநாட்டை எண்ணுகிறாள், ஒருத்தன் பஸ்ஸுக்கு நிற்பதை எழுதுகிறான். கல் பொறுக்குவது ஒன்றும் அவ்வளவு விசித்திரம் இல்லை போலிருக்கிறது.

தேவி இடுக்கியால் முதல் கல்லை எடுத்துத் தராசில் வைத்தாள். கண்ணாடிக் கதவை மூடினாள். எண்கள் ஓடி ஓடி நின்றன. ஜெயசித்ரா படித்தாள். ஹரிகிருஷ்ணன் தட்டினான்.

வேம்பு முந்தானை நுனியை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினாள்.

"இருக்கு," என்றான் ஹரிகிருஷ்ணன். "கடைசி எண்ணு மட்டும் கொஞ்சம் முன்னப்பின்ன. போன வருசம் பங்குனி, பதினாலாவது மீனு. வலது கல்லு."

"அடுத்தது," என்றாள் தேவி.

"இருக்கு. அதே மீனு, இடது."

மூன்றாவதும் இருந்தது. நான்காவதும் இருந்தது. பத்தாவது கல்லுக்கு அப்புறம் தேவி இடுக்கியைக் கீழே வைத்துவிட்டு முகத்தை இரண்டு கையாலும் மூடிக்கொண்டாள். தோள் குலுங்கியது. வேம்பு பதறி எழுந்தாள்.

"இன்னாம்மா?"

"ஒண்ணுமில்ல அத்த. ரெண்டு ராத்திரியா பொட்டுத் தூக்கமில்ல." கண்ணைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். "அன்னிக்கு அவரு போன்ல சொல்றப்ப எனக்கும் ஒரு நிமிசம் தோணிச்சு. பொய் சொல்லக் கூடாது, தோணிச்சு. அத்த சொன்னாமேரியே செஞ்சிட்டாங்கன்னு."

வேம்பு தலை குனிந்தாள்.

"கேட்டுல முறத்தத் தொறந்தேன் பாருங்க, அப்பவே போயிடுச்சு. கெடுக்கணும்னு நெனச்சவங்க கடல்ல கொட்டுவாங்க, இல்லன்னா குப்பையில போடுவாங்க. இடது வலது பாத்து முந்நூறு ஜோடி சேப்பாங்களா? நானே அப்பிடிச் சேக்க ஒரு வாரம் ஆயிருக்கும். நீங்க ஜோடி சேத்ததாலதான் இப்ப ஒண்ணு கெடச்சா கூடவே ரெண்டாவதும் கெடைக்கிது."

வேம்பு வெளியே போய்க் குழாயில் முகம் கழுவினாள். தண்ணீர் நன்றாக இருந்தது. இரண்டு கை அள்ளிக் குடித்தாள். அப்போதுதான் நேற்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை என்பது நினைவுக்கு வந்தது. தூக்கில் புளிச்சோறும் வறுத்த நெத்திலியும் கொண்டுவந்திருந்தாள். மத்தியானம் ஐந்து பேரும் தாழ்வாரத்தில் உட்கார்ந்து தின்றார்கள்.

"இதுதான அந்த உருண்டப் புளி?" என்று தேவி கேட்டாள்.

"அதேதான். கொழம்புக்கு வெச்சேன், சோத்துக்கு ஆச்சி."

முகிலன் நெத்திலித் தலையைக் கிள்ளிப் போடப் போனான். "இதுக்குள்ளயும் கல்லு இருக்குமா?" என்று நின்றான். "இருக்கும், தின்னுடு. அத யாரும் எழுதி வெக்கல," என்றாள் வேம்பு.

இரண்டு நாள் ஆனது. மறுநாளும் அவள் வெட்டு முடிந்ததும் பஸ் பிடித்து வந்துவிட்டாள். முந்நூற்றுப் பத்து ஜோடியில் இருநூற்றுத் தொண்ணூற்றாறு ஜோடிக்கு நாள் தெரிந்துவிட்டது. பதினான்கு ஜோடி நின்றது. அவை ஐப்பசியில் இரண்டு நாள் எடுத்தவை. தராசு ரிப்பேரானதால் எடை போடாமலே வைத்திருந்தது. எது எந்த நாள் என்று யாராலும் சொல்ல முடியாது.

"இத இன்னா பண்றது?" என்றாள் வேம்பு.

"வுட்டுர வேண்டியதுதான்," என்றாள் தேவி. "மீதிய வெச்சே எழுதிடலாம், ஒண்ணும் குறையாது. ஆனா வுட்டுட்டோம்னு எழுதணும்."

"எங்க பதிவேட்டுல கறையான் தின்னது போவ மிச்சந்தாம்மா ஆராய்ச்சியே," என்றாள் ஜெயசித்ரா. "எத்தினி பக்கம் ஓட்டைன்னு மொதல்லயே எழுதிடுவோம். எழுதலன்னாதான் கேப்பாங்க."

"மழைல நனஞ்சி அடையாளம் போச்சுன்னு எழுதிடறேன்," என்றாள் தேவி.

வேம்பு தலையாட்டினாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். "மழ மேல ஏன் பழியப் போடற? மழ கவர நனச்சுது, அவ்ளோதான். கலந்தது நானு. மாமியா கலந்துட்டான்னு எழுது."

ஹரிகிருஷ்ணன் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான்.

"மாமியான்னு எழுத அதுல எடமில்ல அத்த," தேவி நோட்டைத் திறந்தாள். "உலர்த்தும்போது கலந்துவிட்டனன்னு எழுதறேன். சரியா?"

"யாரு கலந்தான்னு கேட்டா?"

"கேட்டா சொல்றேன். அதோட ஜோடி சேத்தது யாருன்னும் சொல்றேன்."

அவள் எழுதினாள். வேம்பு பக்கத்தில் நின்று பேனா போகிற வழியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இங்கிலீஷ் எழுத்து. அதில் அவளுக்குத் தெரிந்தது பதினான்கு என்ற எண் மட்டும்தான். அந்த எண் அங்கே இருப்பதைப் பார்க்க ஏனோ மனசு லேசானது.

பஸ்ஸில் திரும்பும்போது இரண்டு பேருக்கும் உட்கார இடம் கிடைத்தது. தேவி ஜன்னல் பக்கம் சாய்ந்து தூங்கிப்போனாள். வேம்பு வெறும் முறங்களை மடியில் வைத்துக்கொண்டு, அவள் தலை கம்பியில் இடிக்காமல் ஒரு கையைக் கொடுத்துக்கொண்டே வந்தாள். தொட்டிலைப் பற்றி அவள் நினைக்கவில்லை என்று சொல்ல முடியாது. நினைத்தாள். தை முடியட்டும் என்று நினைத்தாள். அவர்கள் பாடு, அவர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்றும் நினைத்தாள்.

மறு வாரம் கடல் நன்றாக அடங்கிப் போட்டுகள் எல்லாம் போயின. போன பதினான்குக்கு ஈடாகக் கொஞ்சம் மீன் அளந்து வைக்கலாம் என்று தேவி விடிந்ததும் துறைமுகத்துக்கு வந்தாள். ஏலக்காரன் சத்தம், ஐஸ் கொட்டுகிற சத்தம், நாலு பக்கமும் பெண்கள் பேச்சு. லட்சுமியும் கூடை வைத்துக்கொண்டு நின்றாள்.

"இன்னாக்கா, மாமியாளும் மருமவளும் மறுபடியும் கல்லு பொறுக்க ஆரம்பிச்சிட்டீங்களா? கடல்ல எப்பக் கொட்டப் போற?"

"கடல்லருந்துதான எடுக்கறோம்," என்றாள் வேம்பு. "தள்ளி நில்லு, வெளிச்சத்த மறைக்காத."

தேவி ஒரு கத்தாழையைப் பலகையில் நீட்டி அளந்தாள். நோட்டில் எழுதினாள். மீனைத் தள்ளினாள். வேம்பு அரிவாள்மனையில் தலையை வைத்து ஒரே அழுத்தாக அழுத்திப் பிளந்தாள். விரலை விட்டு இரண்டு கல்லையும் எடுத்தாள், தண்ணீரில் நனைத்துத் துடைத்தாள். தேவி கையை நீட்டினாள்.

வேம்பு கொடுக்கவில்லை. கல்லை உள்ளங்கையில் வைத்து மூடிக்கொண்டாள்.

"கவரு மேல எழுது மொதல்ல."

தேவி சிரித்துக்கொண்டே புதுக் கவரை எடுத்தாள். இந்தத் தடவை மை இல்லை, பென்சில். நனைந்தாலும் பென்சில் எழுத்து கரையாது என்று ஜெயசித்ரா சொல்லியிருந்தாள். நாள், மீன் எண், நீளம். எழுதிவிட்டுக் காட்டினாள்.

"எழுதிட்டியா?"

"எழுதிட்டேன் அத்த."

அப்புறம்தான் வேம்பு கையைத் திறந்தாள்.